கருகல் தெரிந்த பிறகு தேடும் மருந்து

"இலை கருகுது, இருக்கிறதிலேயே பவரான மருந்து எது?" உருளைக்கிழங்கு போட்டவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். இந்தக் கேள்வி வரும்போதே பெரும்பாலும் காலம் கடந்திருக்கும்.

முதலில் நோயைப் பாருங்கள். காலையில் ஈரம் காய்வதற்குள் இலையைத் திருப்பிப் பார்த்தால், நீர் கோத்த கரும்பழுப்புத் திட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் பூசணம் தெரிகிறதா? அது பின்பருவக் கருகல். 1845-ல் அயர்லாந்தில் பஞ்சத்துக்கு வழிவகுத்தது இதே நோய்தான். குளிரும் ஈரமும் சேர்ந்தால் சில நாளில் வயலையே கருக்கிவிடும். வட்டத்துக்குள் வட்டமாகக் காய்ந்த புள்ளி என்றால் முன்பருவக் கருகல். அது இவ்வளவு வேகமாகப் பரவாது.

மான்கோசெப் போன்ற தொடு மருந்து இலையின் மேல் படிந்து, வந்து விழும் பூசண வித்து முளைப்பதைத் தடுக்கும், அவ்வளவுதான். இலைக்குள் புகுந்துவிட்ட நோயை அது ஒன்றும் செய்யாது. தெளித்த பிறகு விடும் புதுத் தளிரில் மருந்தே இருக்காது. நல்ல மழை பெய்தால் இருப்பதும் கழுவிப் போகும். அதனால்தான் ஈரமான பருவத்தில் ஏழு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை தெளிக்கச் சொல்கிறோம். அளவைக் கூட்டுவதைவிட, அடியிலைக்கும் இலையின் அடிப்பக்கத்துக்கும் மருந்து போய்ச் சேர்வதுதான் முக்கியம். தேய்ந்துபோன நாசிலை வைத்துக்கொண்டு மருந்தைக் குறை சொல்பவர்கள் நிறையப் பேர்!

சரி, ஊடுருவிப் பாயும் மருந்து? மெட்டலாக்சில் செடிக்குள் போய் வேலை செய்யும். ஆனால் அதையே திரும்பத் திரும்ப அடித்தால் நோய்க்கிருமி பழகிவிடும். அறிமுகமான கொஞ்ச காலத்திலேயே, 1980-ல், அயர்லாந்திலும் நெதர்லாந்திலும் அதற்குக் கட்டுப்படாத கிருமி தலைதூக்கிவிட்டது. மான்கோசெப்போடு கலந்து விற்பதற்குக் காரணம் அதுதான். அடுத்த முறை டைமெத்தோமார்ஃப் போன்ற வேறு வகைக்கு மாறுங்கள். பாக்கெட்டின் பெயர் மாறினால் போதாது. லேபிளில் உள்ள மூலப்பொருள் மாற வேண்டும். அறுவடைக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்பதும் அதே லேபிளில்தான் இருக்கும்.

இலை கருகாமல், பச்சையாக இருக்கும்போதே செடி துவண்டால் தெளிப்பானை எடுக்காதீர்கள். தண்டை அடியில் வெட்டித் தெளிந்த தண்ணீரில் தொங்கவிடுங்கள். பால் போல இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். எந்தப் பூசணக்கொல்லியும் அதற்குக் கேட்காது. செடியைக் கிழங்கோடு பிடுங்கி அகற்றுவதும், அடுத்த முறை சுத்தமான விதைக்கிழங்கு வாங்குவதும், பயிரை மாற்றுவதும்தான் வழி.

அப்புறம், கருகல் விழுந்த வயலில் பச்சைத் தழை இருக்கும்போதே கிழங்கு தோண்ட வேண்டாம். தழையிலிருக்கும் வித்து கிழங்கில் ஒட்டி, குவித்து வைத்த இடத்தில் அழுகல் ஆரம்பிக்கும். தழையை அறுத்து அகற்றிவிட்டு இரண்டு வாரம் பொறுத்தால் தோலும் முற்றிவிடும். ஏற்கெனவே நோய் இறங்கிய கிழங்கு அதற்குள் மண்ணிலேயே அழுகிவிடுவதால் பொறுக்கி ஒதுக்கவும் சுலபம்.