சூட்கேஸில் வரும் திராட்சைக் குச்சி

போன வாரம் திருக்கனூர் பக்கம் ஒரு தோட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வீட்டு வாசலிலேயே ஒன்பது தொட்டிகள். ஒவ்வொன்றிலும் பென்சில் பருமனில் ஒரு திராட்சைக் குச்சி. நான்கில் மொட்டு வெடித்து, நகத்தளவு இலை விரிந்திருந்தது. பிரான்சில் இருக்கும் மச்சான் விடுமுறைக்கு வந்தபோது ஈரச் செய்தித்தாளில் சுற்றி, துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தாராம். "மண்ணும் கொண்டாந்துட்டாரு சார், இனி என்ன குறை?" என்று ஒரு பிளாஸ்டிக் கவரை நீட்டினார் வீட்டுக்காரர். ஒரு கிலோ இருக்கும். பழுப்பு மண், நடுநடுவே வெளுத்த சுண்ணாம்புக்கல் துண்டுகள், நூல் நூலாகச் சில வேர்கள். அந்த வேர்களைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இந்த ஆண்டில் இது மூன்றாவது வீடு. புதுச்சேரியிலும் கடலூரிலும் தோட்ட ஆலோசனை சொல்லி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பிரான்சில் உறவினர் இல்லாத தெரு இங்கே குறைவு. வாசனைத் திரவியமும் சாக்லேட்டும் வந்த பெட்டியில் இப்போது உயிருள்ள குச்சி வருகிறது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வீட்டுக்காரர் தனக்கு ஆசை வந்த கதையைச் சொன்னார். பிரான்சின் வைன் பகுதியான பர்கண்டியில் வோன்-ரொமானே கிராமம். அங்கே ரொமானே-கோன்த்தி என்ற ஒரு துண்டு நிலம். 1.8 ஹெக்டேர், நம் கணக்கில் நாலரை ஏக்கர். அவர் தோட்டமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மொத்தமும் ஒரே பண்ணையின் கையில் இருக்கிறது. ஒரு காலத்தில் துறவி மடத்தின் நிலம். 1760-ல் கோன்த்தி இளவரசர் வாங்கியதால் அந்தப் பெயர். வருடத்துக்கு ஐயாயிரம், ஆறாயிரம் பாட்டில்தான் தேறும். உலகத்திலேயே விலை உயர்ந்த வைன்களில் ஒன்று. மச்சான் அந்தத் தோட்டத்து ஓரத்துக் கல்சிலுவை அருகே படம் எடுத்துக்கொண்டு, அதே ஊர்ப் பக்கம் வேறொருவர் தோட்டத்தில் கவாத்து செய்து போட்ட குச்சிகளைப் பொறுக்கி வந்திருக்கிறார்.

அந்த மண்ணுக்குத்தான் அந்த ருசி என்று அவர் கேள்விப்பட்டிருக்கிறார். பிரெஞ்சில் அதற்கு 'தெர்வார்' என்று ஒரு சொல். நம் ஊரில் பிரெஞ்சு தெரிந்தவர்கள்கூட இதை 'மண்' என்றே மொழிபெயர்த்துவிடுகிறார்கள். என்னைப் பொறுமை இழக்க வைப்பது இந்த ஒரு சொல்தான். தெர்வார் என்பது ஒரு கிலோ மண் இல்லை. நிலம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, காலை வெயில் எவ்வளவு நேரம் விழுகிறது, மழைத் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் வடிகிறது, எத்தனை அடிக்குக் கீழே பாறை, குளிர்காலம் எத்தனை மாதம், அங்கே தலைமுறையாகக் கவாத்து செய்கிற கை எது, இவை எல்லாம் சேர்ந்ததுதான் அது. ரொமானே-கோன்த்திக்கு நேர் மேலே, சரிவில், லா ரொமானே என்று இன்னொரு தோட்டம். ஒரு ஹெக்டேர்கூட இல்லை, 0.85. அதற்கு உரிமையாளர் வேறு. ஊர் ஒன்று, மழை ஒன்று, பினோ நுவார் என்ற திராட்சை ரகமும் ஒன்று. ஆனாலும் வைன் வேறு, பெயர் வேறு, விலை வேறு. சரிவில் சில அடி ஏறினாலே மாறிவிடுகிற ஒன்று பிளாஸ்டிக் கவருக்குள் எப்படி வரும்? பண்ருட்டிச் செம்மண்ணை லாரி லாரியாக ஊட்டிக்கு ஏற்றினால் அங்கே பலா காய்த்துவிடுமா? அவரிடம் இதையேதான் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

அப்புறம் அவரே, "முந்திரி மட்டும் நம்ம ஊர்ச் செடியா சார்?" என்றார். நல்ல கேள்வி. முந்திரி பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியரோடு வந்ததுதான். ஆனால் அது வெப்ப நாட்டு மரம், நம் மணற்பாங்கான செம்மண்ணிலும் கடற்காற்றிலும் பொருந்திப் போனது. பினோ நுவார் குளிரில் இலையுதிர்த்துத் தூங்கி எழுகிற கொடி. நமக்கு அந்தக் குளிர் கிடையாது. ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் புதுச்சேரியில் 48 செ.மீ. பெய்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ஈரத்தில் திராட்சை இலைக்கு அடிச்சாம்பல் நோய் வராமல் இருக்காது.

அந்த நோய்கூட இப்படி வந்ததுதான். அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த கொடிகளோடு 1878 வாக்கில் பிரான்சுக்குள் நுழைந்தது. அதை அடக்க 1885-ல் போர்தோ பகுதியில் கண்டுபிடித்ததுதான், நம் வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடிக்கிற போர்டோ கலவை.

அதற்கும் முன்பே, அதே அமெரிக்கக் கொடிகளோடு வேர்களில் ஒட்டிக்கொண்டு ஃபைலாக்செரா வந்துவிட்டது. அசுவினிக்குப் பங்காளி மாதிரி ஒரு பூச்சி, கண்ணுக்கு மஞ்சள் புள்ளியாகத்தான் தெரியும். 1860-களில் தென் பிரான்சில் தொடங்கி நாட்டின் திராட்சைத் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டிய பிறகுதான் மீண்டார்கள். ரொமானே-கோன்த்திக்காரர்களோ பழைய வேரை விட மனமில்லாமல், மண்ணுக்குள் கார்பன் டைசல்ஃபைடை ஊசி மாதிரி செலுத்திப் பல பத்தாண்டுகள் காப்பாற்றினார்கள். இரண்டாம் உலகப்போரில் அந்த மருந்து கிடைக்காமல் போனது. 1945-ல் சுமார் 600 பாட்டில் எடுத்துவிட்டு எல்லாக் கொடிகளையும் பிடுங்கினார்கள். புதிதாக நட்டு, 1952 வரை அந்தத் தோட்டத்திலிருந்து வைன் இல்லை. நீங்கள் ஆசைப்படுகிற தோட்டத்துக்கே செடியோடு வந்த பூச்சியால் நேர்ந்த கதி இது.

"குச்சி சுத்தமாத்தான் இருக்கு" என்பார்கள். பர்கண்டியில் இப்போது தத்துப்பூச்சி பரப்புகிற ஒரு மஞ்சள் நோய் இருக்கிறது. நம் எள்ளில் பூவிலை நோய் வருகிறதே, அதே வகை நுண்ணுயிர். இலை இல்லாத குச்சியில் அது இருப்பது வெறும் கண்ணுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

2008-ல் கோவையில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி நினைவிருக்கிறதா? பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விடவில்லை. அதை அடக்க 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை வரவழைக்க வேண்டியிருந்தது. தென்னை ஓலை கறுத்துப்போய் நிற்கிற வீடுகளில் சுருள் வெள்ளை ஈயைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

சட்டம் தெளிவாக இருக்கிறது. நடவுக்கான குச்சியை இறக்குமதி அனுமதியும், ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் கொண்டுவரக் கூடாது. வந்த பிறகும் தனிமைப்படுத்தி வளர்த்துப் பார்ப்பார்கள். 2003-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணை இது. பெட்டியில் வந்தாலும் இதே விதிதான். மண்ணைக் கொண்டுவர நினைக்கவே நினைக்காதீர்கள். திராட்சைதான் வேண்டுமென்றால் புனே அருகே மஞ்சரியில் தேசிய திராட்சை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. தேனியில் வேளாண் பல்கலையின் திராட்சை நிலையம் இருக்கிறது. கேட்டு வாங்குங்கள். வாசல் பந்தலுக்குக் கம்பம் பன்னீர் திராட்சை போதும், 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய நம் ரகம்.

திருக்கனூரில் ஒன்பது தொட்டிகளையும் மண்ணோடு இரட்டைக் கவரில் கட்டினோம். அந்த வீட்டு அம்மா நான்கு இலைக்கொழுந்துகளையும் கடைசியாகத் தொட்டுப் பார்த்தார். மீனம்பாக்கத்துத் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்துக்குப் போன் செய்து, அவர்கள் சொன்னபடி ஒப்படைத்தோம்.

உங்கள் மாடியிலும் அப்படி ஒரு தொட்டி இருந்தால் குச்சியைப் பிடுங்கிக் குப்பையில் போடாதீர்கள், பக்கத்து வீட்டுக்குப் பதியம் போட்டுக் கொடுக்காதீர்கள். தொட்டியின் தண்ணீர் தோட்டத்தில் வடியாதபடி ஒரு தட்டில் வையுங்கள். கிளறிய கொத்தைக் கழுவி வெயிலில் காயப்போடுங்கள். குரும்பாப்பேட்டை வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ உங்கள் ஊர் வேளாண் அலுவலருக்கோ இன்றே சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துப் போகிறேன்.