பேஸ்மேக்கர் வைத்தவருக்கு ஏன் 6 எம்.வி. போதும் என்கிறோம்?

"கரண்ட்டு வைக்கிறதே வைக்கிறீங்க, பவரைக் கொஞ்சம் கூட்டி வைங்க சார்." கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு வரும் குடும்பங்கள் அடிக்கடி கேட்பது இது. டோஸ் வேறு, ஆற்றல் வேறு. டோஸை கிரே என்ற அலகிலும், கதிரின் ஆற்றலை எம்.வி. (மெகா வோல்ட்) என்ற அலகிலும் சொல்கிறோம். மருத்துவர் 2 கிரே எழுதினால் கட்டிக்குப் போவது 6 எம்.வி.யிலும் 2 கிரேதான், 15 எம்.வி.யிலும் 2 கிரேதான். ஆற்றல் கூடினால் கதிர் இன்னும் ஆழம் போகும். கூடவே நியூட்ரானும் கிளம்பும்.

அந்த நியூட்ரான் பெரும்பாலும் லினாக்கின் (கதிரை உண்டாக்கும் சிகிச்சை இயந்திரம்) தலைப்பகுதியில் உள்ள டங்ஸ்டன், ஈயம் போன்ற கன உலோகங்களிலிருந்து வருவது. கதிரின் துகளான ஃபோட்டான் அணுக்கருவில் மோதி நியூட்ரானை உதிர்க்கும் வாய்ப்பைக் குறுக்குவெட்டு என்ற அளவால் குறிக்கிறோம், அலகு பார்ன். டங்ஸ்டனுக்கு 6 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை இந்த வாய்ப்பே கிடையாது. 14-ஐ ஒட்டி உச்சம், ஏறத்தாழ 0.4 பார்ன். 6 எம்.வி. கதிரின் ஃபோட்டானுக்கு அதிகபட்ச ஆற்றலே 6 மெகா எலக்ட்ரான் வோல்ட்தான், ஆகவே அதில் பயமில்லை, நடைமுறையில் 10 எம்.வி.யைத் தாண்டும்போதுதான் கவலை. திசுவில் நிறைந்துள்ள ஆக்சிஜனுக்கோ 15.7 வேண்டும், அதனால் உடலின் பங்கு சொற்பம்.

சிகிச்சை அறையின் கதவு ஏன் அவ்வளவு கனம் என்று வியப்பவர்கள் உண்டு. உள்ளே ஈயத்தோடு போரான் கலந்த பாலிஎத்திலீனும் இருக்கிறது. ஹைட்ரஜன் நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கும், போரான்-10 விழுங்கிவிடும்: மெதுவான நியூட்ரானுக்கு அதன் குறுக்குவெட்டு சுமார் 3,840 பார்ன். கதவில் காவல் காக்கும் இதே போரான் சில மின்னணுச் சில்லுகளிலும் உண்டு. அங்கே நியூட்ரானை விழுங்கியதும் வெளிப்படும் ஆல்ஃபா துகள் நினைவகத்தில் ஒரு பிட்டை (0 அல்லது 1 என்ற பதிவை) புரட்டிவிடலாம். பேஸ்மேக்கரோ ஐ.சி.டி.யோ (ஆபத்தான இதயத்துடிப்பை மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் கருவி) தானாக ரீசெட் ஆவதற்கு அது போதும். கருவி கதிர்ப்புலத்துக்கு, அதாவது கதிர் நேரடியாகப் படும் பகுதிக்கு, வெளியே இருந்தாலும் இந்த ஆபத்து விலகாது.

என்னைக் கேட்டால் கவனிக்க வேண்டியது இன்னொன்று. வழக்கமான திட்டமிடல் மென்பொருள் இந்த நியூட்ரான்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. திரையில் கருவிக்கான டோஸ் குறைவாகத் தெரியும். அந்த எண்ணை மட்டும் பார்த்துவிட்டு 15 எம்.வி.யைத் தேர்ந்தால் தவறு. 2019-இல் வெளியான அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கத்தின் 203-ஆம் பணிக்குழு அறிக்கையும் நியூட்ரான் தரும் கதிரைத் தவிர்க்கவே சொல்கிறது. இடுப்புப் பகுதியின் ஆழத்தில் உள்ள கட்டிக்குக்கூடப் பல கோணங்களிலிருந்து 6 எம்.வி. கொடுத்துச் சமாளித்துவிடலாம்.

நெஞ்சில் கருவி இருந்தால் சிகிச்சையைத் திட்டமிட எடுக்கும் ஸ்கேனான சி.டி. சிமுலேஷனுக்கு வரும்போதே அதன் அட்டையைக் காட்டுங்கள். எந்த நிறுவனம், எந்த மாடல், இதயத்துடிப்பு முழுக்க அதை நம்பித்தான் இருக்கிறதா என்பதையெல்லாம் இதய மருத்துவரிடம் கேட்டறிந்த பிறகே நாங்கள் திட்டம் போடுவோம்.