மாட்டு வாலில் ஒரு நூல்

போன மாதம் வாசகி ஒருவர் பழைய புகைப்படம் ஒன்றை அனுப்பியிருந்தார். ஆஸ்திரேலியாவில், காலனி காலத்தில் எடுத்தது. மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய பட்டி, குதிரைமேல் நாலைந்து பேர், புழுதிக்குள் முங்கிய மாட்டு மந்தை. கூடவே ஒரு வரிக் கேள்வி: "சில மாடுகளுக்கு வால் குட்டையாக இருக்கிறதே, ஏதாவது கடித்துவிட்டதா?"

எதுவும் கடிக்கவில்லை. அங்கே மாட்டு வால் குட்டையாவதற்கு முக்கியமாக இரண்டு காரணங்கள் இருந்தன. ஒன்று கணக்கு. இன்னொன்று, மருத்துவ வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த தந்திரங்களில் ஒன்று. முதலாவதைச் சட்டென்று முடித்துவிட்டு இரண்டாவதில் சாவகாசமாக உட்கார்ந்துகொள்ளப் போகிறேன்.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆஸ்திரேலியாவில் 'ஸ்டேஷன்' என்றால் ரயிலும் இல்லை, போலீசும் இல்லை. பெரிய மேய்ச்சல் பண்ணை. பெரிய என்றால் நாம் நினைக்கிற பெரிய இல்லை. வடக்கே 1883-இல் தொடங்கிய விக்டோரியா ரிவர் டவுன்ஸ் ஒரு காலத்தில் சுமார் 41,000 சதுர கிலோமீட்டர் இருந்தது, கேரளத்தைவிடப் பெரிசு. முதலாளி பெரும்பாலும் மெல்போர்னிலோ சிட்னியிலோ லண்டனிலோ உட்கார்ந்திருப்பார். காட்டில் கிடப்பது சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மேனேஜர். மழை, தண்ணீர், மாடு, மாவு மூட்டை, கடிதம், கணக்கு எல்லாம் அவர் தலையில். குதிரையேறி மாட்டை ஓட்டுகிறவர்கள் ஸ்டாக்மேன்கள். வடக்கில் இவர்களில் மிகப் பலர் அந்த மண்ணுக்கே சொந்தக்காரர்களான பழங்குடி மக்கள். நிலம் பறிபோனது, எதிர்த்தவர்கள் சுடப்பட்டார்கள், அப்புறம் அதே நிலத்தில் மாவு, டீத்தூள், சர்க்கரை, புகையிலை என்று ரேஷனுக்கு மாடு மேய்த்தார்கள். கூலி என்று பணம் பெரும்பாலும் கையில் வரவில்லை. இந்தக் கணக்கு வெகுகாலம் தீரவில்லை. 1966-இல் வேவ் ஹில் ஸ்டேஷனில் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் குரிண்ட்ஜி மக்கள் வேலையை விட்டு வெளியேறியது இதன் தொடர்ச்சிதான்.

நமக்கும் இந்த ஸ்டேஷன்களுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. அங்கே வளர்ந்த குதிரைகள் 'வேலர்' என்ற பெயரில் கப்பலேறி மதராஸ் வரை வந்தன, பிரிட்டிஷ் இந்தியப் படைக்காக. நியூ சவுத் வேல்ஸ் என்பதன் கடைசிச் சொல்தான் வேலர் ஆனது.

சரி, கணக்கு. வேலி கிடையாது, மாடுகள் ஆயிரக்கணக்கில், புதருக்குள் சிதறிக் கிடக்கின்றன. பண்ணையை விற்கும்போது 'என் நோட்டுப்படி இத்தனை ஆயிரம் மாடு' என்று விற்பவர் சொல்வார். நோட்டில் மாடு சாகாது, திருடு போகாது, வறட்சியிலும் தவறாமல் கன்று போடும்! விவரமான ஆள் வாங்க வந்தால் 'பேங்டெயில் மஸ்டர்' வேண்டும் என்பார். அதாவது மாடுகளை வளைத்துப் பட்டிக்கு ஓட்டிவந்து, எண்ணும்போதே ஒவ்வொன்றின் வால் குஞ்சத்தையும் நேராக நறுக்கிவிடுவது. முடிதான், வலிக்காது, மறுபடி வளர்ந்துவிடும். அடுத்த வாரம் வேறொரு மூலையில் வளைத்த மந்தையில் குஞ்சம் நறுக்கியது வந்தால் அது ஏற்கெனவே எண்ணியது. முழு வாலோடு வந்தால் புதுசு. ஒரே மாட்டை இரண்டு முறை எண்ண முடியாது.

இதை இன்னும் ஒரு படி தள்ளிப் பாருங்கள். 2,000 மாட்டுக்கு நறுக்கிவிட்டீர்கள். மறுமுறை கண்ணில்பட்ட 500-இல் 400 நறுக்கியவை. அப்படியானால் நறுக்கியவை மொத்தத்தில் ஐந்தில் நாலு பங்கு, மொத்தம் சுமார் 2,500. குளத்து மீனையும் காட்டுப் புலியையும் இன்றைக்கு எண்ணுவது இதே சிந்தனையில்தான். புலிக்கு வரியே அடையாளம் என்பதால் வாலைத் தொட வேண்டிய அவசியமில்லை, நல்லவேளை.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

1858-இல் இங்கிலாந்திலிருந்து மெல்போர்னுக்கு வந்த ஒரு மாடு தன் நுரையீரலில் ஒரு நோயைக் கொண்டுவந்தது. ஸ்டாக்மேன்கள் அதைச் சுருக்கமாக 'ப்ளூரோ' என்றார்கள். நுரையீரலையும் அதைச் சுற்றியிருக்கும் உறையையும் சேர்த்துத் தாக்கும் தொற்று. மாடு கழுத்தை நீட்டி, முன்னங்கால்களை அகட்டி வைத்துக்கொண்டு மூச்சுக்குத் தவிக்கும். அறுத்துப் பார்த்தால் நெஞ்சுக்கூட்டுக்குள் லிட்டர் கணக்கில் வெளிர்மஞ்சள் நீர். நுரையீரல் பஞ்சு மாதிரி இல்லாமல் பளிங்குக்கல் மாதிரி கோடு கோடாக இறுகியிருக்கும்.

இந்த நோயின் விஷமத்தனம் அதன் நிதானம். தொற்றிய பிறகு அறிகுறி தெரிய வாரங்கள் ஆகும், சில மாட்டில் மாதங்கள். அதுவரை மாடு நன்றாகத்தான் நடக்கும். காலனி ஆஸ்திரேலியாவில் சரக்கு போனதே மாட்டு வண்டியில். ஆக நோயும் வண்டித்தடம் பிடித்து, விக்டோரியாவிலிருந்து நியூ சவுத் வேல்ஸ், அங்கிருந்து குயின்ஸ்லாந்து என்று சில வருடங்களுக்குள் மேலே ஏறிவிட்டது. ஆரம்பத்தில் விக்டோரியா நோய் கண்ட மந்தைகளைக் கொன்று பார்த்தது, முடியவில்லை. வேலியில்லாத நாட்டில் எந்த மாட்டை எங்கே நிறுத்தி வைப்பது? நெடுந்தூர மந்தைகளை வேறு நினைத்துக்கொள்ளுங்கள். டுராக் குடும்பம் 1883-இல் குயின்ஸ்லாந்திலிருந்து 7,000-க்கு மேல் மாடுகளைக் கிளப்பி, சுமார் 4,800 கிலோமீட்டர் நடத்தி, 1885-இல் மேற்கே ஆர்ட் ஆற்றுக்குக் கொண்டுசேர்த்தபோது ஏறக்குறைய பாதிதான் மிஞ்சியிருந்தது. இருமல் இன்னும் தொடங்காத ஒரே ஒரு மாடு இப்படி ஒரு மந்தைக்குள் நடந்தால் போதும்.

அப்போதுதான் ஊசியும் நூலும் வருகின்றன. பெல்ஜியத்தில் ஹாசெல்ட் என்ற சாராயம் காய்ச்சும் ஊர். வடிப்பாலைக் கழிவைத் தின்று கொழுக்கும் மாடுகள் அங்கே கொட்டில் கொட்டிலாக நின்றன, கொட்டில் கொட்டிலாகச் செத்தன. அந்த ஊர் இளம் மருத்துவர் லூயி வில்லெம்ஸ், அவர் அப்பாவும் சாராயம் காய்ச்சும் தொழில்தான், செத்த மாட்டின் நுரையீரல் நீரை எடுத்து நல்ல மாட்டுக்குக் குத்திப் பார்த்தார். கழுத்திலும் உடம்பிலும் குத்தினால் பயங்கரமாக வீங்கி மாடு செத்தது. வால் நுனியில் குத்தினால் வால் மட்டும் வீங்கியது, அப்புறம் வடிந்தது. பிறகு அந்த மாட்டை நோயாளி மாடுகளுக்கு நடுவே கட்டினாலும் ஒன்றும் ஆகவில்லை. 1852-இல் இதை வெளியிட்டார். வருடத்தைக் கவனியுங்கள். பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் ஆட்டுமந்தையில் ஆந்த்ராக்ஸ் தடுப்பூசியை ஊரறியக் காட்டியது 1881. வில்லெம்ஸ் கையில் கிருமி என்ற கருத்தே உருப்படியாக இல்லை!

1860களில் இது ஆஸ்திரேலியப் பட்டிகளுக்கு வந்துவிட்டது. வேலை நடந்த விதம் இது. மந்தையில் நோய் சரியான பக்குவத்தில் இருக்கிற ஒரு மாட்டைத் தேர்ந்து அடிப்பார்கள். முற்றிப்போன மாடு உதவாது, நீரில் சீழ் கலந்திருக்கும். நெஞ்சிலிருந்து தெளிந்த நீரைக் குப்பியில் பிடித்து, கம்பளி நூலை அதில் ஊறப்போடுவார்கள். மற்ற மாடுகளை, திரும்பவே முடியாத ஒடுக்கமான கட்டைச் சந்துக்குள், அங்கே அதைக் 'கிரஷ்' என்பார்கள், ஒன்றன்பின் ஒன்றாக ஏற்றுவது. ஒருவர் வாலைப் பிடிக்க, இன்னொருவர் தடித்த ஊசியில் கோத்த நூலை வால் நுனித் தோலுக்கடியில் இழுத்துவிட்டு அறுப்பார். நூல் உள்ளேயே தங்கிவிடும். அடுத்தது. நாள் முழுக்க, புழுதியில், உதையையும் சாணியையும் வாங்கிக்கொண்டு, ஆயிரக்கணக்கான வால்கள். சூடு போடுவது, காயடிப்பது எல்லாம் இதே கிரஷ்ஷில்தான். தடுப்பூசியும் அந்த வரிசையில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது. மருத்துவர் என்று ஒருவரும் இல்லை. மேனேஜரும் ஸ்டாக்மேன்களும்தான்.

ஏன் வால்? இங்கேதான் எனக்குச் சிலிர்க்கிறது. நாம் பள்ளியில் படித்த தடுப்பூசி, கிருமியைக் கொன்றோ வலுவிழக்கச் செய்தோ போடுவது. இதில் கிருமி அப்படியே முழு வீரியத்தோடு இருக்கிறது. வலுவிழக்கச் செய்தது கிருமியை அல்ல, அதற்குக் கொடுத்த இடத்தை.

ப்ளூரோ கிருமி ஒரு மைக்கோபிளாஸ்மா. பாக்டீரியா வகையறாவிலேயே மிகச் சிறியது, செல்சுவர் கிடையாது, அதனால் பிற்காலத்தில் வந்த பென்சிலினும் இதனிடம் பலிக்காது. பென்சிலின் இடிப்பது சுவரை, இவனுக்குச் சுவரே இல்லை. உடம்பின் உள்வெப்பத்தில் செழித்து வளரும். வால் நுனியோ உடம்பிலிருந்து தள்ளி, காற்றில் ஆடிக்கொண்டிருக்கும் ஒல்லியான சமாச்சாரம், உள்ளுடம்பைவிடக் குளிர்ச்சி. பெருக்கம் மந்தமாகும். அடுத்தது, கழுத்துத் தோலுக்கடியில் தொளதொளப்பான திசு நிறைய இருக்கிறது, நோய்நீர் பரவ மைதானம் மாதிரி. வால் நுனியில் தோல் எலும்போடு ஒட்டினாற்போல இறுக்கம். நீர் பரவ இடமில்லை. ஆனால் அந்த வீக்கத்திலிருந்து நிணநீர் வழியாகக் கிருமியின் சேதி உடம்புக்குப் போய்க்கொண்டே இருக்கிறது, நோய் எதிர்ப்பு மண்டலம் ஆற அமர அடையாளம் பார்த்து ஆயுதம் தீட்டிக்கொள்கிறது. இத்தனைக்கும் மேல், காரியம் கெட்டு வீக்கம் மேலே ஏறினால்? வாலை வெட்டிவிடலாம். கழுத்தை வெட்ட முடியுமா.

இதே யோசனை மேற்கு ஆப்பிரிக்க மேய்ப்பர்களிடமும் இருந்தது, யாரிடமும் கடன் வாங்காமல். அவர்கள் நோயுற்ற நுரையீரல் துண்டை மாட்டின் மூக்குத்தண்டுத் தோலுக்கடியில் வைத்தார்கள். சில மாட்டில் அந்த இடத்து எலும்பு புடைத்துக் கொம்பு மாதிரி வளர்ந்தது. அதைப் பார்த்த ரோஷ்ப்ருன் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் மூன்று கொம்பு மாடு என்று ஒரு புது வகையாகவே லத்தீன் பெயர் வைத்துவிட்டார்! மேய்ப்பனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். படிக்காதவனுக்கு என்ன தெரியும் என்பதும் மூடநம்பிக்கைதான், அது பெரும்பாலும் படித்தவர்களிடம் இருக்கும்.

குறைகள் இல்லாமல் இல்லை. குப்பியில் இருந்த நீர் வடக்கத்தி வெயிலில் சீக்கிரம் அழுகும். அழுகிய நூலைக் கோத்தால் ப்ளூரோவுக்குப் பதில் சீழ்பிடித்தே மாடு சாகும். சரியாகச் செய்தாலும் சில வால்கள் அழுகி நுனி கழன்று விழும், கொஞ்சம் மாடுகள் இறக்கும். நல்ல நீர் வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் நோயாளி மாடு ஒன்று கிடைத்தாக வேண்டும், இருமலைத் தேடி ஊர் ஊராகக் குதிரை விட்டவர்கள் உண்டு. இதனால் ஒன்றுமே பயனில்லை, நோயைப் பரப்புவதே இதுதான் என்ற கட்சியும் பலமாக இருந்தது.

ஆய்வுக்கூடம் வந்த கதை இன்னும் வேடிக்கை. 1887-இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு முயலை ஒழிப்பவருக்கு 25,000 பவுண்டு பரிசு அறிவித்தது. பாஸ்டர், கோழிக் காலரா கிருமியை ஏவி முயலைக் கொல்லலாம் என்று தன் உறவுப் பையன் ஆட்ரியன் லோயரை அனுப்பினார். சிட்னி துறைமுகத்தில் ராட் தீவில் கூடம் அமைத்தார்கள். கிருமியைத் திறந்துவிட, இதை விசாரித்த அரசு ஆணையம் சம்மதிக்கவில்லை, பரிசு யாருக்கும் போகவில்லை, முயல்கள் சௌக்கியமாகப் பெருகின. ஆனால் அந்தக் கூடத்திலிருந்து ஆட்டு ஆந்த்ராக்ஸ் தடுப்பூசி வந்தது, ப்ளூரோவையும் லோயர் ஆராய்ந்தார். ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டுப் போகும்போது 'இதிலிருந்து என்ன கிடைக்கும், எந்தத் தேதிக்குள் கிடைக்கும்' என்று படிவத்தில் கட்டம் போட்டுக் கேட்கிற அதிகாரிகளுக்கு இந்த முயல் கதையைச் சொல்ல எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

கிருமி கண்ணில் பட்டது 1898-இல்தான், பாரிசில் நோக்கார், ரூ என்ற இரண்டு விஞ்ஞானிகள் வளர்த்தெடுத்தார்கள். வில்லெம்ஸுக்கு 46 வருடம் கழித்து. ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் பின்னால் ஆய்வுக்கூடத்திலேயே வளர்த்த, வீரியம் குறைந்த கிருமியைத் தடுப்பூசியாக்கினார்கள். அதையும் எங்கே குத்தினார்கள்? வால் நுனியில்! 1973-இல் அந்த நாடு நோய் நீங்கியதாக அறிவித்தது. இந்தியாவுக்கு அந்தச் சான்று 2007-இல் கிடைத்தது. ஆப்பிரிக்காவின் பல பகுதிகளில் ப்ளூரோ இன்னும் இருக்கிறது.

வாசகியின் படத்துக்கு வருகிறேன். பெரிதாக்கிப் பார்த்தேன். வால் பின்னங்கால் மூட்டு வரை முழு நீளம் இறங்கி, நுனி முடி மட்டும் கத்தரி போட்டதுபோல நேராக நின்றால் அது எண்ணப்பட்ட மாடு. மூட்டுக்கு மேலேயே எலும்போடு மொட்டையாக முடிந்தால் நூல் கோத்த மாடாக இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் படத்தில் வேலியோரம் நிற்கிற இரண்டு மாடுகள் முதல் வகை. நடுவில், தலையைத் திருப்பிக் கேமராவை முறைக்கிறதே ஒரு கிழட்டுப் பசு, அது இரண்டாவது.