ரொமான் வேறு, ரொமான்ஸ் வேறு: மொழிபெயர்ப்பில் கால் இடறும் இடம்

ஸ்பானியக் கவிஞர் லோர்காவின் 'ரொமான்ஸெரோ ஹிதானோ' 1928-இல் வெளிவந்தது. தலைப்பை மட்டும் பார்த்து அதை 'ஜிப்ஸிக் காதல் கதைகள்' என்று எழுதிவிடுவது மிக எளிது. ஆனால் அது 18 பாடல்கள் கொண்ட கவிதை நூல். ஸ்பானிஷில் 'ரொமான்ஸே' என்பது கதைப்பாடலின் பெயர்: அடிக்கு எட்டு அசை, இரட்டைப்படை அடிகளின் ஈற்றில் உயிரோசை மட்டும் ஒத்துவரும். காதல் அதில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

இந்தக் குழப்பத்தின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'ரோமானிகே' என்றால் 'ரோமானியர் முறையில்'. ஏட்டு லத்தீன் படித்தவர்களிடம் தங்கிவிட, மக்களின் வாய்மொழி தனியே பிரிந்து வளர்ந்தது. மறையுரைகளை எல்லோருக்கும் புரிகிற நாட்டுப்புற ரோமானிய மொழியிலோ ஜெர்மானிய மொழியிலோ பெயர்த்துச் சொல்லும்படி 813-இல் பிரான்ஸின் தூர் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் ஆயர்களைப் பணித்தது. பழைய பிரெஞ்சில் 'ரொமான்ஸ்' என்பது அந்த வாய்மொழியின் பெயர்தான். 'ரொமான்ஸில் போடுவது' என்றால் லத்தீன் நூலை மக்கள் மொழிக்குக் கொண்டுவருவது. 1155-இல் வாஸ் என்ற கவிஞர் ஒரு லத்தீன் வரலாற்றைப் பிரெஞ்சுச் செய்யுளாக்கினார். அது 'ரொமான் த ப்ரூத்' எனப்படுகிறது. ஆக, இன்று பிரெஞ்சில் நாவலைக் குறிக்கும் 'ரொமான்' என்ற இந்தச் சொல் மொழிபெயர்ப்பு வேலையைக் குறித்தபடிதான் பிறந்தது. மொழியின் பெயர் பிறகு அம்மொழியில் எழுதிய கதைக்கு ஏறியது. 13-ஆம் நூற்றாண்டின் 'ரொமான் த லா ரோஸ்' இருபதாயிரம் அடிகளைத் தாண்டும் செய்யுள். அதை 'ரோஜாவின் நாவல்' என்றால் வாசகர் உரைநடையை எதிர்பார்த்து ஏமாறுவார்.

இன்று பிரெஞ்சு, ஜெர்மன், ரஷ்யன், ஸ்வீடிஷ் மொழிகளில் 'ரொமான்' என்றால் நாவல். இத்தாலியனில் 'ரொமான்ஸோ'. போர்ச்சுகீசில் 'ரொமான்ஸ்' என்ற சொல்லே நாவலைக் குறிக்கும்; பிரேசில் எழுத்தாளர் மஷாதோ த அஸீஸின் படைப்புகளுக்கு அந்த அடையாளம் இருப்பதைக் கண்டு 'காதல் கதை' என்று போட்டால் நூலே வேறாகிவிடும்.

நாவல் என்ற சொல்லின் வழி வேறு. லத்தீனில் 'நோவுஸ்' என்றால் புதியது. அதன் குறுமை வடிவம் 'நோவெல்லுஸ்'. இத்தாலியனில் 'நொவெல்லா' புதுச் செய்தியையும் சிறு கதையையும் குறித்தது. பொக்காச்சியோவின் 'தெக்கமெரோன்' பத்துப் பேர் பத்து நாளில் சொல்லும் 100 நொவெல்லாக்கள். ஆங்கிலம் இதையே நீண்ட கதைக்கு எடுத்துக்கொண்டது. ஸ்பானிஷ் 'நொவேலா'வும் இன்று நாவல்தான், ஆனால் செர்வாந்தெஸ் 1613-இல் வெளியிட்ட 12 நொவேலாக்கள் அளவில் சிறியவை. பிரெஞ்சு 'நூவெல்' சிறுகதை, ஜெர்மன் 'நொவெல்லே' குறுநாவல். பிரேசிலில் 'நொவேலா' என்றதும் நினைவுக்கு வருவது தொலைக்காட்சித் தொடர்.

எனவே வகைப்பெயரை எழுதுமுன் மூலநூலின் தலைப்புப் பக்கத்தைத் திறந்து, எந்த மொழி, எந்த நூற்றாண்டு, செய்யுளா உரைநடையா, எத்தனை பக்கம் என்று பாருங்கள். ஆங்கிலப் பெயர்ப்பு வழியாக வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் இடையில் நிற்கும் ஆங்கிலச் சொல் மூல வகையை மறைத்துவிடும். ரஷ்யக் கவிஞர் புஷ்கின் தம் 'யெவ்கேனி அனேகின்' நூலைச் 'செய்யுளில் ரொமான்' என்றே குறித்தார். அங்கே 'செய்யுள் நாவல்' என்பதே சரி. வெறும் 'நாவல்' போதாது.

'ரொமான்ஸ் மொழிகள்' என்பதைக் 'காதல் மொழிகள்' ஆக்குவது இதே பிழையின் தங்கை. அவை பிரெஞ்சு, ஸ்பானிஷ், ருமேனியன் போன்ற, லத்தீன் வழிவந்த மொழிகள்.

தமிழில் நாவலுக்கு ஆக்கிய 'புதினம்' என்ற சொல்லும் புதுமையிலிருந்தே எடுத்தது. ஆனால் யாழ்ப்பாணத்தில் "என்ன புதினம்?" என்று கேட்டால் என்ன செய்தி என்று பொருள். பிரெஞ்சு நூவெலுக்கும் செய்தி, கதை என்ற இதே இரண்டு பொருளும் உண்டு. ஈழத்துப் படைப்பைச் செம்மை பார்க்கும்போது 'புதினம் வந்தது' என்ற வரியில் புத்தகம் வந்ததா, சேதி வந்ததா என்று முன்பின் வரிகளைப் படித்துவிட்டே கைவையுங்கள்.