பூங்காவில் நாய்க் கழிவை அள்ளச் சொல்லும் விதி: யாருக்கு, எதற்கு?

பூங்காவுக்கு நாயைக் கூட்டிப் போகிறவர்தான் அதன் கழிவையும் அள்ள வேண்டும் என்ற விதி இன்று உலகில் பல நகரங்களில் இருக்கிறது. நியூயார்க்கில் 1978-லேயே சட்டமாகிவிட்டது. நாற்றம், அசிங்கம், செருப்பில் ஒட்டுவது என்ற அளவில்தான் பலர் இதைப் பார்க்கிறார்கள், ஆனால் மண்ணில் விளையாடும் குழந்தைகளுக்குத்தான் இந்த விதி மிகவும் தேவை.

நாயின் குடலில் வாழும் டாக்ஸோகாரா என்ற உருண்டைப்புழு ஒரே நாளில் ஒரு லட்சத்துக்கும் மேல் முட்டையிடக் கூடியது. கழிவோடு வெளியே வந்த உடனே அந்த முட்டையால் ஆபத்தில்லை. மண்ணில் ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்து உள்ளே இளம்புழு வளர, பொதுவாக இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும், அப்புறம் அது வருடக்கணக்கில் அங்கேயே உயிரோடு கிடக்கும். மழை பெய்தால் எல்லாம் கரைந்துவிடும் என்று சொல்வார்கள். கழிவு கரையும், முட்டை கரையாது, இன்னும் பரவலாகச் சிதறும். தடித்த ஓடு இருப்பதால் வழக்கமான கிருமிநாசினிக்கும் சாகாது. அதனால்தான் அப்போதே அள்ளச் சொல்கிறார்கள். மண் பட்ட கையைக் குழந்தை வாயில் வைத்தால் போதும், முட்டை வயிற்றுக்குள் போய்ப் பொரிந்து, இளம்புழு கல்லீரல், நுரையீரல் என்று அலையும். பலருக்கு ஒன்றும் தெரியாமலே போகலாம், ஆனால் அது கண்ணுக்குள் போய்விட்டால் பார்வையே பறிபோகலாம். நாயின் குடலில் வாழும் இன்னொரு புழுவான கொக்கிப்புழு இன்னும் அவசரக்காரன், ஓரிரு நாளிலேயே முட்டை பொரிந்துவிடும், சில நாளில் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைக்கத் தயாராகிவிடும்.

சரி, யார் பொறுப்பு? பொதுவாக, அந்த நேரத்தில் நாயைப் பிடித்திருப்பவர். நாய் பக்கத்து வீட்டுக்காரருடையது என்றாலும் அப்படித்தான். இங்கிலாந்தில் ‘நான் கவனிக்கவில்லை’, ‘பை கொண்டுவரவில்லை’ என்பதெல்லாம் காரணமாக ஏற்கப்படாது, பார்வையற்றவர்கள் போன்றோருக்கு விலக்கு உண்டு. பையில் அள்ளி, முடிச்சுப் போட்டு, குப்பைத்தொட்டியில் போட்டால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. புதரடியில் பையை விட்டுப் போவதும் மண்ணைத் தள்ளி மூடுவதும் அள்ளியதாகாது. குழந்தைகள் விளையாடும் இடத்துக்குள் நாயையே விடக்கூடாது என்றும் பல பூங்காக்களில் தனி விதி உண்டு, அதில் வாக்குவாதமே வேண்டாம்.

பூனைக்கு இந்த விதி எட்டாது. தானாகச் சுற்றும் பூனை மணல்குழியைத் தேடிப் போய் அசுத்தம் செய்து மூடிவிடும், வெளியே தெரியவே தெரியாது. அதற்கும் உருண்டைப்புழு உண்டு, கர்ப்பிணிகள் பயப்பட வேண்டிய டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணியும் உண்டு. ஆளில்லாத நேரத்தில் மணல்குழியை மூடிவைப்பதும், மணலை அவ்வப்போது மாற்றுவதும், சொந்தக்காரர் இல்லாத நாய்களின் கழிவை அகற்றுவதும் பூங்காவைப் பராமரிப்பவர்கள் செய்ய வேண்டிய வேலை.

வளர்ப்பவர்கள் வீட்டிலேயே செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. குட்டிகளுக்குத் தாயின் வயிற்றில் இருக்கும்போதே புழு தொற்றிவிடும், கொழுகொழுவென்று இருக்கும் குட்டியின் கழிவில்கூட முட்டைகள் ஏராளமாக இருக்கலாம். பிறந்து இரண்டு வாரத்திலேயே குடற்புழு மருந்தைத் தொடங்கி, கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர்ந்து கொடுக்க வேண்டும்.

உங்கள் பூங்காவில் தொட்டியோ, கை கழுவக் குழாயோ, மணல்குழிக்கு மூடியோ இல்லையென்றால், எது எந்த இடத்தில் வேண்டும் என்று குறிப்பிட்டு நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள், கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.