சொல் விளக்கம்: ஸ்கான்சென்

சுவீடனுக்குப் போய்வந்த சென்னைக்காரர்கள் அனுப்பும் படங்களில் ஸ்டாக்ஹோமின் ஸ்கான்சென் பெரும்பாலும் இருக்கும். பழைய வீடுகளையே திறந்தவெளியில் வைத்துக் காட்டும் மியூசியம் அது. கறுத்த மரவீடுகள், புல் முளைத்த கூரைகள், பழங்கால உடையில் ரொட்டி சுடும் பெண். போலந்துக்கோ ஹங்கேரிக்கோ போனவர்களும் அங்கே ஒரு 'ஸ்கான்சென்' பார்த்ததாகச் சொல்வார்கள். எல்லாம் ஒரே நிறுவனத்தின் கிளைகள் என்று நினைத்துவிட வேண்டாம். கூவம் நம் ஊர் ஆற்றின் பெயர். இன்று எந்த ஊரில் சாக்கடை நாறினாலும் 'எங்க ஊர் கூவம்' என்கிறோம் இல்லையா? அப்படித்தான் ஓர் இடத்தின் பெயர் அந்த வகை இடத்துக்கே பொதுப்பெயர் ஆகிவிட்டது. போலிஷ், செக், ஹங்கேரிய மொழிகளில் சிறிய எழுத்து மாற்றங்களோடு அது இன்று அகராதிச் சொல்.

சுவீடிய மொழியில் 'ஸ்கான்ஸ்' என்றால் சிறு காவல் அரண். கடைசியில் உள்ள 'என்' சுட்டுச் சொல். நாம் முன்னால் வைக்கும் 'அந்த'வை அவர்கள் சொல்லின் வாலில் கட்டுகிறார்கள். ஸ்டாக்ஹோமில் இந்த மியூசியம் இருக்கும் குன்றின் மேல் முன்பு ஒரு சிறு அரண் இருந்ததால் வந்த பெயர். தமிழில் கிட்டத்தட்டக் கொத்தளம். ஆகஸ்ட் 15 அன்று 'கோட்டைக் கொத்தளத்தில் முதல்வர் கொடியேற்றினார்' என்று செய்தியில் கேட்கிறோமே, அதே கொத்தளம். ஜெர்மன் மொழியில் இதன் உறவுச்சொல் 'ஷான்ட்ஸெ'. பனிச்சறுக்கு வீரர்கள் பாய்ந்து தாவும் மேடைக்கும் அங்கே அந்தப் பெயர்தான்.

ஆக, சொல்லுக்குள் வீடும் இல்லை, மியூசியமும் இல்லை. அந்தப் பொருளைக் கொடுத்தவர் ஸ்கான்செனை நிறுவிய ஆர்தர் ஹசேலியுஸ். தொழிற்சாலைகளை நோக்கியும் அமெரிக்காவை நோக்கியும் கிராமங்கள் காலியாகிக்கொண்டிருந்த காலம் அது. உடை, பாத்திரம், கருவி என்று சேர்த்துக்கொண்டிருந்தவர், ஒரு கட்டத்தில் வீடுகளையே பிரித்துக் கொண்டுவந்து குன்றின் மேல் மறுபடி பூட்டி, 1891-இல் திறந்துவிட்டார். வீட்டைப் பெயர்ப்பதா என்று நாம் மலைப்போம். அங்கே சுவர் என்பது செங்கல் இல்லை. முழு மரத்தடிகளைக் கிடைமட்டமாக அடுக்கி, மூலையில் ஒன்றுக்குள் ஒன்று கவ்வும்படி வெட்டு வைத்திருப்பார்கள். ஒவ்வொரு தடிக்கும் எண் போட்டுக் கழற்றினால், அதே வரிசையில் வேறிடத்தில் பூட்டலாம். மூலையில் தடிகளின் முனைகள் விரல் கோத்ததுபோல் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை இன்றும் தொட்டுப் பார்க்கலாம். நார்வேக்காரர்கள் இதில் தங்களுக்கே முதலிடம் என்பார்கள். 1881-இலேயே, இன்று ஓஸ்லோ நகருக்குள் இருக்கும் பிக்டோய் என்ற இடத்தில், அரசர் இரண்டாம் ஆஸ்கர் பழைய கட்டடங்களைச் சேர்க்கத் தொடங்கிவிட்டார். நியாயமான வாதம்தான். ஆனால் பெயர் என்னவோ ஸ்கான்செனுக்கே போனது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மியூசியம்' கிரேக்கத்தின் 'மூசெயோன்' வழி வந்தது. கலைத் தேவியரான மூசாக்களின் இருப்பிடம் என்று பொருள். அலெக்சாந்திரியாவில் இருந்த மூசெயோன் அறிஞர்கள் தங்கிப் படித்த இடம், ஒருவகையில் கல்லூரி. பழைய மெட்ராஸ் மக்கள் எழும்பூர் மியூசியத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் மிருகக்காட்சிச்சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் அழைத்ததைக் கேலியாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1851-இல் அந்த மியூசியம் தொடங்கியது உண்மையிலேயே புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில்தான். எழும்பூருக்கு மாறியபின், 1855-இல் மியூசியத்தின் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் அதே வளாகத்தில் விலங்குகளையும் வைத்தார். ஸ்கான்செனிலும் வீடுகளுக்கு அந்தப் பக்கம் கரடியும் ஓநாயும் உண்டு. நம் பாட்டிமார் பார்த்திருந்தால் இரண்டு காலேஜும் ஒரே இடத்தில் என்றிருப்பார்கள்.

இன்று வழக்கில் உள்ளது 'அருங்காட்சியகம்'. இலங்கையில் 'நூதனசாலை', பழம்பொருள் வைக்கும் இடத்துக்குப் புதுமையின் பெயர்! இரண்டும் நல்ல சொற்களே, ஆனால் ஸ்கான்செனுக்குப் பொருந்தவில்லை. அங்கே அரிய பொருள் எதுவும் இல்லை. மாட்டுத்தொழுவம், அடுப்பு, தறி என்று ஊரில் எல்லோரிடமும் இருந்தவைதான். 'திறந்தவெளி' சேர்த்தாலும் போதாது. எழும்பூர் வளாகத்தில் வெளியே நிற்கும் பீரங்கிகூடத் திறந்தவெளியில்தான் இருக்கிறது. 'நாட்டுப்புற' என்று தொடங்கினால் கிராமம் மட்டும் என்றாகிவிடும். ஸ்கான்செனில் கண்ணாடி ஊதும் பட்டறை உள்ள ஒரு நகரத் தெருவும் உண்டே.

என் வாக்கு 'ஊர்க்காட்சியகம்' என்பதற்கே. தமிழில் ஊர் என்றால் பட்டிக்காடும் ஊர், பட்டணமும் ஊர். வீடு, தெரு, தொழில், மனிதர் எல்லாம் அதற்குள் அடங்கும். நம் பக்கத்திலேயே பொருத்திப் பார்க்கலாம்: முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தக்ஷிணசித்ரா, இடிக்கப்பட இருந்த வீடுகளைப் பிரித்து வந்து மறுபடி எழுப்பிய இடம். அங்கே செட்டிநாட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டு, நாலு எட்டு நடந்தால் கேரளத்து மரவீட்டுக்குள் குனிந்து நுழையலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் பலர் அதைக் கைவினைக் கடை என்று மட்டும் நினைத்துக் கடந்துபோவது வருத்தம்தான்.

எழுதும்போது ஒரு வரம்பு வைத்துக்கொள்ளலாம். ஸ்டாக்ஹோமில் உள்ளதைச் சொன்னால் ஸ்கான்சென் என்றே எழுதலாம், அது பெயர். அந்த வகையைச் சொன்னால் ஊர்க்காட்சியகம். காரைக்குடியில் கட்டணம் வாங்கிக் காட்டும் பழைய வீடுகளுக்கு இந்தச் சொல் வேண்டாம். அவை கட்டிய இடத்திலேயே நிற்கின்றன.