‘அசாதாரண சிகிச்சை’ அன்று, கடமைக்கு மேற்பட்ட வழி

நோயாளிக்கு வென்டிலேட்டர் பொருத்தியிருந்தால் போதும், ‘அது அசாதாரண சிகிச்சை, கத்தோலிக்கத் திருச்சபை வற்புறுத்தாது’ என்று சொல்லிவிடுகிறார்கள். முடிவு சில வேளை சரியாக இருக்கலாம். சொல்லும் காரணம் தவறு. பெயர்ப்பிலேயே கோளாறு; ‘கடமைக்கு மேற்பட்ட வழி’ என்றே சொல்ல வேண்டும்.

இந்தச் சொல்லின் மூலம் இலத்தீன்: ‘மெதியா எக்ஸ்த்ராஒர்தினாரியா’. மெதியா என்றால் வழிகள். எக்ஸ்த்ராஒர்தினாரியா என்றால் வழக்கமான ஒழுங்குக்கு வெளியே உள்ளவை. உயிரைக் காக்க ஒருவர் எதுவரை போகக் கடமைப்பட்டவர் என்று 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானிய இறையியலார் விட்டோரியா எழுப்பிய கேள்வியில் இந்தப் பெயரைச் சூட்டியவர், அதே நாட்டு இறையியலார் தொமிங்கோ பாஞ்ஞெஸ்.

‘அசாதாரணம்’ என்றதும் அபூர்வமான, பெரிய கருவிதான் தமிழ்க் காதில் விழுகிறது. இறையியலார் கருவியைப் பார்க்கவில்லை. இந்த நோயாளிக்கு இதனால் பயன் உண்டா, வலியும் அச்சமும் செலவும் தாங்கக்கூடியவையா என்றே கேட்டார்கள். மயக்கமருந்து வருமுன் காலை வெட்டுவது ஊரறிந்த வைத்தியம். ஆனாலும் அந்த வேதனையை ஏற்கும் கடமை இல்லை என்றார்கள். நிமோனியாவில் சில நாள் வென்டிலேட்டர் வைத்தால் பிழைத்துக்கொள்ளும் இளைஞருக்கு அது கடமை. சாகுந்தறுவாயிலுள்ள புற்றுநோயாளிக்கு வெறும் ஆன்டிபயாட்டிக் ஊசிகூடக் கடமைக்கு மேற்பட்டதாகலாம்.

‘இயல்பு மீறிய சிகிச்சை’ என்று தூய தமிழாக்கினாலும் அதே கோளாறுதான். ‘மிகைச் சிகிச்சை’ மருத்துவர்மேல் பழி போடுகிறது. விரும்பும் நோயாளி அந்த வழியை ஏற்கத் தடையில்லையே! பழைய சொல் தெளிவாக இல்லை என்பதால் 1980 வத்திக்கான் அறிக்கை, பயனையும் சுமையையும் ஒப்பிடும் வேறொரு சொல்லையும் குறிப்பிட்டது. அதை ‘விகிதாசாரமற்ற’ என்று பெயர்த்தால் தேர்தல் முறைதான் நினைவுக்கு வரும். ‘பயனை மிஞ்சிய சுமை’ என்றால் யாருக்கும் புரியும்.

‘சிகிச்சை’யும் உதவாது. விட்டோரியா பேசியது சாப்பாட்டை: பெரும் வேதனையோடுதான் விழுங்க முடியும் என்ற நோயாளி உண்ணாவிட்டால் சாவான பாவமில்லை (மிகக் கனமான பாவமில்லை), மருத்துவரே சொன்னாலும் கோழிக்கறிக்கு அலைய வேண்டியதில்லை. 2004இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், நினைவற்றுக் கிடப்பவருக்குக் குழாய் வழி ஊட்டும் உணவும் நீரும் மருத்துவச் செயலல்ல, கொள்கையளவில் கடமையே என்றார். ‘சிகிச்சை’ என்று பெயர்த்துவிட்டு இதை எப்படி விளக்குவது?

இதைவிட மோசம், வென்டிலேட்டரை அகற்றினாலே ‘கருணைக் கொலை’ என்று தலைப்பிடுவது. மீட்க வழியற்ற நிலையில் அதை நிறுத்தலாம் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1957லேயே மயக்கவியல் மருத்துவர்களிடம் சொல்லிவிட்டார். திருச்சபையின் போதனைகளைத் தொகுத்த மறைக்கல்வி ஏடும் (எண் 2278) அங்கே சாவை வருவிக்கும் நோக்கம் இல்லை, தடுக்க முடியாததை ஏற்பதே உண்டு என்கிறது. அடுத்த எண்ணில், சாவு நெருங்கினாலும் நிறுத்தக்கூடாது என்று அது சொல்வது வழக்கமான பராமரிப்பை. அதையும் ‘சாதாரண சிகிச்சை’ என்று எழுதி, எல்லா மருந்தும் கடைசிவரை ஏற்றியாக வேண்டும் என்று வீட்டாரை மிரள வைக்கிறார்கள்.